காலையில் மட்டும் ஒட்டும் காகிதம்

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு மோசஸ் அண்ணன் கூப்பிட்டார். அப்பாவோடு வேலைக்குப் போகிறவர். நான் செங்கல்பட்டில், மருந்துக் கிடங்கில் வேலையில் இருந்தேன்.

"சிநேகா, அப்பாவுக்கு முடியல. கெளம்பி வாம்மா. நெதானமா வா, ஒண்ணும் அவசரமில்ல."

முடியாதவரைப் பார்க்க யாரும் நிதானமாக வரச் சொல்வதில்லை. பேருந்து திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். திருவிடந்தையில் ஒரு வீட்டுச் சமையலறையில் புகை உறிஞ்சும் சிம்னியைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா, தண்ணீர் கேட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தாராம். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார்.

என் அப்பா பெயர் ஏசுபாதம். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இவர் பத்தாவதோடு ஃபேன் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார். எங்கள் ஊரான புதுப்பட்டினத்தில் வீட்டுக்கு வீடு சிம்னி வந்தபோது அதற்கு மாறினார். எந்த வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துச் சிம்னியின் வலைக்குக் கீழே பிடிப்பார். ஒட்டிக்கொண்டால் இழுவை சரி. விழுந்தால் கோளாறு.

போன மே மாதம் எங்கள் வீட்டைப் புதுப்பித்தோம். அம்மாவுக்கு வீசிங். சமையல் புகை ஆகாது. நல்ல சிம்னியாக வைத்துவிடலாம் என்பதுதான் முக்கிய நோக்கம். மேஸ்திரி கண்ணாயிரம் சமையலறையைத் தென்கிழக்குக்கு மாற்றச் சொன்னார்.

"சர்ச்சுக்குப் போறவனுக்கு இன்னாத்துக்குய்யா வாஸ்து?" என்றார் அப்பா.

"அக்னி மூலைக்கு சர்ச்சு, கோயில்லாம் தெரியாது அண்ணாத்த. நாளைக்கு விக்கப் போனா வாங்கறவன் கேப்பான்."

விற்கும் எண்ணம் எங்கள் யாருக்கும் இல்லை. இருந்தும் ஒத்துக்கொண்டோம்.

புது அடுப்படியில் முதல் நாள் மாலை அம்மா மீன் வறுத்தாள். போன புகை அப்படியே திரும்பி வந்தது. அதன்பிறகு எல்லா மாலையும் அப்படித்தான். அப்பா வேலை முடிந்து வர இருட்டிவிடும்; கிளம்புமுன் காலையில்தான் பேப்பரைப் பிடித்துப் பார்ப்பார். கச்சிதமாக ஒட்டும். ஆனாலும் மோட்டாரை இரண்டு முறை பிரித்தார், கெப்பாசிட்டர் மாற்றினார், வலையைக் கழுவினார். மாலையில் புகை நின்றபாடில்லை.

"ஊர்ப் பொகையெல்லாம் தொரத்திகினு போற. நம்ம வூட்ல அது குந்திகினு கீது."

"பேப்பர் பொய் சொல்லாது செல்லம்மா."

"பேப்பருக்கா வீசிங்கு?"

நானும் அப்பா பக்கம்தான் பேசினேன். அவருக்குத் தெரியாததா என்றேன். அம்மா ஒற்றை அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் வெட்டவெளியில் ராத்திரிச் சாப்பாட்டைச் செய்ய ஆரம்பித்தாள். மழை தொடங்கினால் அதற்கும் வழியில்லை. அதற்குள் சரிசெய்துவிடுவதாக அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன சனிக்கிழமை மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். நெஞ்சு பாரமாக இருக்கிறது, கேஸாக இருக்கும் என்றார். அம்மா சுக்குத் தண்ணீர் வைத்தாள். சும்மா இருக்க முடியாமல் சிம்னியைப் போட்டுப் பேப்பரைப் பிடித்தார். விழுந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் விழுந்தது. வெளியே போய்ச் சுவரோரம் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் போனேன். சுவருக்கு வெளியே நீட்டியிருந்த புகைக் குழாயின் வாயில் இருந்த மூடி டப், டப் என்று அடித்துக்கொண்டிருந்தது. புகை உள்ளேயிருந்து தள்ளினால் திறக்க வேண்டிய மூடி அது. கடல்காற்று அதை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது.

காலையில் இங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். மதியத்துக்குமேல் கடலிலிருந்து வரும். அக்னி மூலையில் வைத்த குழாய் நேராகக் கடலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"பொறந்ததுலேந்து இந்தக் காத்துலதான் நிக்கறேன்" என்று சிரித்தார். பிறகு உள்ளே பார்த்து, "செல்லம்மா, பேப்பர் காலைல ஒண்ணு பேசுது, சாயங்காலம் ஒண்ணு பேசுது" என்றார்.

"நான் நாலு மாசமா ஒண்ணுதான் பேசறேன்" என்றாள் அம்மா.

தெற்குச் சுவருக்குப் பக்கத்து வீடு மறைப்பு. குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும் என்றார். குழாய்த் துண்டு ஒன்றைச் சுவரில் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டார். ஸ்டூலில் ஏறி டிரில்லரால் வட்டத்தின் மேலே துளை போட ஆரம்பித்தார். நெஞ்சு பாரம் என்றாயே, போதும் வா என்று அம்மா கையைப் பிடித்து இழுத்ததும் இறங்கினார். ஞாயிறு சர்ச். திங்கள் வேலை.

புதன்கிழமை அடக்கம் செய்தோம். சொந்தக்காரர்கள் வீட்டுச் சாப்பாடு நேற்றோடு முடிந்தது. இன்று மாலை தூறல். அம்மா ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ரசம் வைத்தாள்.

வட்டம் ஆறு அங்குலம். சுற்றிலும் இருபத்து நாலு துளை போட்டால்தான் நடுவை உடைத்தெடுக்க முடியும் என்று மோசஸ் அண்ணன் சொன்னார். அப்பா ஒன்பது போட்டிருக்கிறார்.