அப்பா சொன்ன சாட்சி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, என் மாமா ஓட்டிச் சென்ற இயந்திரப் படகு, கடலட்டை எடுக்க முக்குளித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் காலை வெட்டிவிட்டது. மாமா நிற்காமல் போய்விட்டார். அவனைத் தன் படகில் தூக்கிப்போட்டுக் கரைசேர்த்தவர் என் அப்பா. இடித்த படகைக் கண்டவரும் அவர் ஒருவர்தான்.

இளைஞன் அல்லைப்பிட்டிப் பக்கத்தவன். ஆசுப்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். யார் இடித்தது என்று ஊர்ச் சங்கம் கேட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்கிறேன் என்றார் அப்பா. வீட்டில் அம்மாவிடம் மட்டும் அது மாமாதான் என்று சொன்னார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எனது திருமுழுக்கில் நின்ற ஞானத்தகப்பனும் அவரே. சண்டையால் ஊர் இடம்பெயர்ந்த நாளில் அப்பா கடலில் அகப்பட்டுக்கொள்ள, இரண்டு வயதுப் பிள்ளையான என்னைத் தோளில் சுமந்து நடந்தவர் அவர்தானாம். அதை அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்று உரத்துச் சொன்னார்.

“அவன் இல்லாட்டி இண்டைக்கு உங்களுக்குப் பிள்ளை இல்லை. மறந்துபோனியளோ?”

“மறக்கேல்லை,” என்றார் அப்பா. “அந்தப் பெடியன்ர தாய் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ. அதையும் மறக்க ஏலாமக் கிடக்கு.”

அந்த வாரம் முழுவதும் இருவரும் மாலையில் கோயிலுக்குப் போனார்கள். ஒரே கோயில், ஆனால் வேறு வேறு வாங்குகளில் இருந்தார்கள். ஆண்டவர் யாருடைய செபத்தைக் கேட்பார் என்பது எனக்குப் பெரிய கவலை. அம்மாவின் பக்கத்துக்கு ஆள் சேர்க்கிறேன் என்று, அப்பாவின் தொண்டை அடைத்துப்போகும்படி ஒரு முழுச் செபமாலை சொன்னேன். அவர் ஒருமுறைகூட இருமவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார்.

“நாளைக்கு நான் சொல்லப்போறன். அதுக்கு முதல் நீயே சொல்லு. நானும் உன்னோட வாறன்.”

மாமா என்னைப் பார்த்தபடி கேட்டார். “என்னைப் பிடிச்சுக் குடுத்தா அக்கா உங்களை மன்னிப்பாவோ, அத்தான்?”

“தெரியாது. அதை ஆண்டவரிட்ட விட்டிட்டன். ஆனா சொல்லவேண்டியதை நான்தான் சொல்லவேணும். அதையும் அவரிலை போட்டிட்டு இருக்க ஏலாது.”

மாமா சொல்லவில்லை. அப்பா சொன்னார். விசயம் பொலிசுக்குப் போய், மாமா சிறைக்குப் போனார். வெளியே வந்த பிறகும் எங்கள் வாசல் படலையைத் திறக்கவில்லை. பின்னாளில் கோயிலில் நடந்த எனது உறுதிபூசுதல் சடங்கில், ஞானத்தகப்பனாக அவர் நிற்கவேண்டிய இடத்தில் வேறொருவர் நின்றார்.

அப்பா சாட்சி சொல்லப்போன அந்தத் திங்கட்கிழமைக் காலை, அப்பா பூசைக்கு மட்டும் போடும் வெள்ளைச் சேட்டை அம்மா சுருக்கமில்லாமல் மினுக்கிக் கொண்டுவந்தார். கண்ணீர் வழிய வழிய அப்பாவின் கழுத்துப் பொத்தானைத் தானே பூட்டிவிட்டார். ஆண்டவர் அம்மாவின் செபத்தைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். அம்மா என்ன கேட்டு மன்றாடினார் என்று விசாரிக்க எனக்குத் தோன்றவேயில்லை.