நெட்டை ஹானா கிரீன்வுட்டின் மூன்று ஓலைகள்

ஹானா கிரீன்வுட் பிறந்தபோதே ஸ்டோன்ஷா மேட்டில் நான்கு ஹானா கிரீன்வுட்கள் இருந்தார்கள். ஐந்தாவது எதற்கு என்று அவள் அம்மாவை யாரும் கேட்கவில்லை. யார்க்‌ஷயரின் அந்த மலைமேட்டில் ஆண் பிள்ளை என்றால் ஏப்ரம், ஜான், வில்லியம். பெண் என்றால் ஹானா, சாரா, மேரி. பின்னால் கிரீன்வுட். கிரிக்கெட் ஆடப் போனால் பதினோரு பேரில் எட்டுப் பேர் கிரீன்வுட். ஓட்டம் எழுதுகிறவன் பட்டப்பெயரைத்தான் எழுதுவான். வேறு வழி?

ஞானஸ்நானத்துக்கும் கல்லறைக் கல்லுக்கும்தான் கிரீன்வுட். நடுவில் உள்ள வாழ்நாள் முழுக்கப் பட்டப்பெயர். இவள் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, அதனால் நெட்டை ஹானா. கல் உடைக்கிற சாமுடைய பெண் சின்ன ஹானா. முயலைத் திருட்டுத்தனமாகக் கண்ணி வைத்துப் பிடிக்கிற கிழட்டுப் பிரம்மச்சாரி முயல் ஏப்ரம். நெட்டை ஹானா ஒன்பது வருஷமாகக் காத்திருந்தது கிணத்தடி ஏப்ரமுக்கு. பேச்சு குறைந்த மனுஷன், நல்ல உழைப்பாளி. அவனும் கிரீன்வுட்தான்.

ஹானா வேலை பார்த்த நெசவாலையில் அவளோடு தறி ஓட்டுகிற பெண்கள் நிச்சயம் ஆனதும் புதுப் பெயரைக் கையெழுத்துப் போட்டுப் பழகுவார்கள். ஹானாவுக்குப் பழக ஒன்றும் இல்லை.

ஒன்பது வருஷம் காத்திருந்தது மனசு ஒப்பாமல் இல்லை, வீடு கிடைக்காமல். ஹானா அண்ணன் வீட்டில் மூன்று பிள்ளைகளோடு ஒரே கட்டிலில் படுத்தாள். ஒன்று உதைக்கும், ஒன்று நனைக்கும். ஏப்ரம் இரண்டு தம்பிகளோடு படுத்தான். அந்த வசந்தத்தில்தான் வரிசை வீடுகளின் கடைசி வீடு காலியானது. வீட்டுக்காரி ஆக்டன் அம்மாள் கறாராகச் சொன்னாள்: "மே ஒண்ணாந்தேதி கல்யாணம் ஆகி ரெண்டு பேரா வந்தா சாவி. இல்லேன்னா செருப்புத் தைக்கிறவனுக்குக் கொடுத்துடுவேன். அவன் தினமும் வந்து நிக்கிறான்."

இருவரும் அன்றைக்கே பாதிரியாரிடம் போனார்கள். தெற்கிலிருந்து புதிதாக வந்த மனுஷர், சுத்தமான நகங்கள்.

"ரெண்டு பேருமே கிரீன்வுட்டா? சொந்தமா?"

"ஆறு தலைமுறைக்கு முன்னால இருந்திருக்கும் ஐயா. அதையெல்லாம் இப்ப யாரு தோண்டுறது?" என்றாள் ஹானா.

பாதிரியாருக்குப் புத்தகப் படிப்பு அதிகம். "பசுங்காடுன்னு அர்த்தம். காட்டோரமா குடியிருந்தவங்களுக்கு வந்த பேரு. இந்தப் பள்ளத்தாக்குல அந்தப் பேருல ஒரு பழைய பண்ணை உண்டு, அங்கேருந்துதான் எல்லாரும் பரவினாங்கன்னு சொல்றாங்க."

"காடா? ஜன்னலைப் பாருங்க. ஆடு இருக்கு, கல்லு இருக்கு, மழை இருக்கு. துணி காயப்போடக் கயிறு கட்ட ரெண்டு மரம் கிடையாது."

"ஒரு காலத்துல இருந்திருக்கும்."

"அப்ப எங்க பாட்டன்மாரு காட்டை வெட்டி அடுப்பெரிச்சுட்டு பேரை மட்டும் வச்சுக்கிட்டாங்க. செய்யக்கூடிய ஆளுங்கதான்." பிறகு சொன்னாள்: "கல்யாண ஓலை வாசிக்கும்போது பட்டப்பேரையும் சேத்து வாசிங்க ஐயா."

"கோவில்ல அதெல்லாம் வாசிக்கிறதில்லம்மா."

ஹானா விட்டுவிட்டாள். அதுதான் தப்பு.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். அந்த மேட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. தன் ஓலையைத் தானே காதால் கேட்கிறவளுக்குச் செவிட்டுப் பிள்ளை பிறக்கும். அதனால் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் மூன்று ஞாயிறும் கோவில் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். ஹானா வீட்டில் இருந்தபடி காஞ்சொறி இலையும் வேலிக்கீரையும் ஓட்ஸும் சேர்த்து வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஏப்ரம் கோழிக் கூண்டைச் சரிபண்ணினான்.

ஓலை வாசித்ததும் ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கொண்டுவருகிற கல்யாணப் பரிசு முதல் ஞாயிறு முடிந்து ஒன்றுகூட வரவில்லை. ஊர் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் ஞாயிறு பக்கத்துத் தறி எஸ்தர் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அடியே, உன் கல்யாணம் நின்னு போச்சு."

"அடுப்புல ஏதும் தீயுதா, இப்படி ஓடி வர்றே? நிதானமாச் சொல்லு."

"பிரம்மச்சாரி ஏப்ரம் கிரீன்வுட், கன்னி ஹானா கிரீன்வுட்டுன்னு வாசிச்சாரு. கல்லு சாம் எந்திரிச்சு, நான் சம்மதிக்க மாட்டேன், என் பொண்ணுக்குப் பத்தொம்பது வயசு, அந்த முயல் திருடனுக்குக் கொடுக்க மாட்டேன்னு கத்துறான்."

"எந்த முயல் திருடன்? என் ஏப்ரம் கோழிக் கூண்டுல ஆணி அடிச்சுக்கிட்டு இருக்கான்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். ஒம்பது வருஷமா நடக்காத கல்யாணம் இப்ப நடக்கப்போகுதுன்னு ஊருக்கு யாரு சொன்னது? போன வாரமே எல்லாரும் தேநீர்க் கோப்பையும் மேசைத்துணியும் சின்ன ஹானா வீட்டுல கொண்டுபோய்க் கொடுத்துட்டாங்க. அவ நான் இல்லை நான் இல்லைன்னு அழுதிருக்கா. அழுதா அப்ப நிஜம்தான்னு சாம் முடிவு கட்டிட்டான்."

"முயல் ஏப்ரம் என்ன சொன்னான்?"

"அவன் ஏன் சொல்றான்? ஒரு வாரமா மதுக்கடையில ஆளாளுக்கு மாப்பிள்ளைக்குன்னு வாங்கிக் கொடுக்குறாங்க. குடிச்சுட்டு சிரிக்கிறான்."

ஹானா கரண்டியை வைத்தாள். ஓலை மறுபடி முதலிலிருந்து என்றால் மூன்று ஞாயிறு. மே ஒன்றாம் தேதி அடுத்த ஞாயிறுக்கு அடுத்து வருகிற சனி. செருப்புத் தைக்கிறவன் சாவியை வாங்கிக்கொண்டு போவான்.

கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் பாதிரியாரிடம் போனாள். அவர் பாவம், வெளிறிப்போயிருந்தார். இந்தப் பெண்ணும் பையனும் இன்னார் என்று சபை முழுக்க அறிந்தால் ஆட்சேபணை தானே போய்விடும், அடுத்த ஞாயிறே மூன்றாவது ஓலையாகக் கொள்ளலாம் என்றார். பட்டப்பெயரோடு வாசிக்கவும் சம்மதித்தார். ஆனால் இருவரும் கோவிலில் எழுந்து நிற்க வேண்டும்.

ஏப்ரமின் அம்மா பெயர் நெல். விஷயத்தைக் கேட்டதும் அவள் தலையில் கைவைத்தாள். "ஓலையைக் காதால கேட்டா பிள்ளை செவிடாப் போயிடுமேடி."

"வீடு இல்லாம பிள்ளையே வராது அத்தை."

"அதுவும் சரிதான்." நெல் கொஞ்சம் யோசித்தாள். "ஆலையில பஞ்சுக் கழிவு கிடைக்குமில்ல?"

மூன்றாம் ஞாயிறு ஹானாவும் ஏப்ரமும் காது நிறையப் பஞ்சு அடைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பெயர் வந்ததும் நெல் கிள்ளுவதாக ஏற்பாடு. கோவிலுக்குள் முணுமுணுப்பு தேனீக்கூடு மாதிரி இருந்தது, அவர்களுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

பாதிரியார் தொண்டையைச் செருமினார். "கிணத்தடி நெல் மகன் ஏப்ரம் கிரீன்வுட், பிரம்மச்சாரி. நெட்டை ஹானா கிரீன்வுட், கன்னி."

நெல் கிள்ளினாள், தோல் பெயர்கிற மாதிரி. ஹானா எழுந்தாள். ஏப்ரம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான், அவனைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள்.

கல்லு சாம் பின்னாலிருந்து கேட்டான். "ஏம்மா, அப்ப இது நீயா?"

அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஹானா, தறி இரைச்சலில் பேசுகிற குரலில் பதில் சொன்னாள். "நீ என்ன கேக்குறேன்னு எனக்குத் தெரியல சாம். நான்தான் பொண்ணு. இவன்தான் மாப்பிள்ளை. உன் பொண்ணை அழ வைக்காதே. என் மேசைத்துணியைத் திருப்பிக் கொடு."

சாம் சிவந்துபோய் உட்கார்ந்தான். "எனக்கு ஆட்சேபணை ஒண்ணுமில்ல ஐயா."

கடைசி பெஞ்சில் முயல் ஏப்ரம் பெருமூச்சு விட்டான். "அப்ப இனிமே பீர் கிடையாதா?"

சனிக்கிழமை கல்யாணம். பதிவேட்டை நீட்டி, "பிறந்த வீட்டுப் பேருல நீங்க போடுற கடைசிக் கையெழுத்து" என்றார் பாதிரியார் உருக்கமாக.

"அடுத்ததும் இதேதான் ஐயா" என்று சொல்லிப் போட்டாள் ஹானா.

கோவிலிலிருந்து நேராக ஆக்டன் அம்மாளிடம் போய்ச் சாவியை வாங்கினார்கள். மேசைத்துணி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஏப்ரம் இடது காதில் மிச்சம் இருந்த பஞ்சைக் கண்டுபிடித்தான். புது மாப்பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஹானா அதுவரை கடுகடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் பிள்ளை பெண். பாம்புச் செவி. கடைசி வீட்டில் பிஸ்கட் டப்பா திறந்தால் தெருமுனையிலிருந்து ஓடி வரும். அதன் ஓலை வாசிக்கும் நாளில் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று, மேட்டில் யாருக்கும் இல்லாத பெயராக வேதப் புத்தகத்தில் தேடி பெர்சிஸ் என்று வைத்தாள் ஹானா. நல்ல பெயர், ஊருக்கும் பிடித்துப்போயிற்று. அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன வருஷம் வகுப்பில் மூன்று பெர்சிஸ் கிரீன்வுட் இருந்தார்கள்.

இவள் நெட்டை பெர்சிஸ்.