வான்மதி கழுவிப் பார்த்த செல்கள்

கோபிச்செட்டிபாளையத்தில் உயிர்வேதியியல் படித்து, கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்த வான்மதி, வேலை பார்க்க விசா இடம் கொடுக்காததால் ஏழு வருடம் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டிலேயே இருந்தாள். அனுமதி கிடைத்ததும் ஒரு சிறிய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தாள். செல்களை வளர்த்து, அவற்றின் மேல்பரப்பில் மருந்து மூலக்கூறு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்று அளப்பதுதான் வேலை.

அந்த வருடம் ஒரு மூலக்கூறைக் கைவிடுவதாக முடிவாகியிருந்தது. அது பிடிக்க வேண்டிய புரதத்தைச் செல்லிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது ஒரு நிமிடம்கூட ஒட்டவில்லை. மனசு கேட்காமல் வான்மதி உயிருள்ள செல்களில் போட்டுப் பார்த்தாள். நாற்பது நிமிடம் ஒட்டியிருந்தது.

"செல் அதை முழுங்கியிருக்கும் வான்மதி. வெளியதான் ஒட்டிட்டிருக்குன்னு எப்படி சொல்றீங்க?" என்றார் குழுத்தலைவர் ஸ்ரீநிவாசன். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

"ரெண்டு வாரம் டைம் குடுங்க சார். ப்ரூவ் பண்றேன்."

மறுநாளே லேசான அமிலக் கரைசலில் செல்களைக் கழுவினாள். செல் விழுங்கியிருந்தால் மூலக்கூறு உள்ளேயே தங்கிவிடும். மேலே இருந்தால் கழுவலில் வந்துவிடும். அநேகமாக எல்லாமே வந்துவிட்டது. அப்படியானால் எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது? அந்தப் புரதத்துக்குப் பக்கத்திலேயே செல்லின் மேல் இன்னொரு புரதமும் இருப்பது அவளுக்கு உறைத்தது. அந்த இரண்டாவது புரதம் இல்லாத செல்களை வளர்த்து அளந்தாள். மூலக்கூறு ஒரே நிமிடத்தில் நழுவியது. மூன்று முறை செய்தும் அதேதான். இரண்டு புரதங்களும் சேர்ந்துதான் அதைப் பிடித்து வைத்திருந்தன.

குழுக் கூட்டத்தில் எழுந்து எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஸ்ரீநிவாசன் எல்லோர் முன்னாலும் தன் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். வெளியே வந்ததும், "டிராப் பண்ணியிருந்தா பெரிய முட்டாள்தனம் ஆயிருக்கும். இதப் பத்தி எழுதுற ரிசர்ச் பேப்பர்ல உங்க பேர்தான் ஃபர்ஸ்ட்," என்றார்.

கட்டுரை வெளியான சனிக்கிழமை காலை கணவன் தீபக்கிடம் லேப்டாப்பை நீட்டினாள். "ஏனுங்க, எம் பேரு மொதல்ல இருக்குதுங்க."

"நாலு தடவ பாத்துட்டேன். கெளம்பு, ஐசலின்ல நம்மூர் ஹோட்டலுக்குப் போய் சாப்பிடலாம்."

மகள் மானஸா எட்டிப் பார்த்தாள். "அம்மா, கேன் ஐ டெல் மை சயின்ஸ் டீச்சர்?"

"சொல்லு சாமி," என்றாள் வான்மதி. "எல்லார்கிட்டயும் சொல்லு."