ஸ்பேர் சாவி அனுப்பவும்

சைபர் கிரைம் ஸ்டேஷன் எஸ்.ஐ. என்றால் திருடனைத் துரத்துகிற வேலை என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். நான் துரத்துவதெல்லாம் பதில்களைத்தான். கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அமுக்கி, அவர்கள் போடும் பாட்டைக் கேட்டே ஓய்ந்துபோன ஆளா நீங்கள்? அப்படியானால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். நான் அதையே காக்கி போட்டுக்கொண்டு செய்கிறேன், அவ்வளவுதான்.

சாவி

திண்டுக்கல் பக்கம் எரியோட்டிலிருந்து மரகதம் என்று ஒரு அம்மா வந்தார். தக்காளி போடுகிற குடும்பம். மகன் பிரபு, கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி வெளிநாடு போனவன். போன இடத்தில் ஒரு கட்டடத்துக்குள் அடைத்துவைத்து, போனில் ஊரை ஏமாற்றச் சொல்கிறார்கள். இதை ஒரு ரகசிய மெசேஜ் ஆப்பில் அம்மாவுக்கு எழுதியிருந்தான். மறுநாள் அந்தச் செய்தி தானாகவே அழிந்துவிட்டது. அந்த ஆப்பின் சிறப்பே அதுதானாம். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று தெரிந்தால்தான் தூதரகம் ஆளை மீட்க முடியும்.

ஆப் கம்பெனி இருப்பது வேறொரு நாட்டில். செய்திகளெல்லாம் சாவி போட்டுப் பூட்டியவை என்று அவர்கள் வலைத்தளத்தில் பெருமையாக எழுதியிருந்தார்கள். எங்கள் ஏட்டு ஆரோக்கியசாமியின் மச்சானுக்குப் பூட்டுக் கடை. பூட்டு என்றால் இரண்டு சாவி என்றே பழகிய ஏட்டு, ‘ஸ்பேர் சாவியை அனுப்பிவைக்கவும்’ என்று இங்கிலீஷில் எழுதி மெயிலும் அனுப்பிவிட்டார். அவர்களும் சிரிக்காமல் பதில் போட்டார்கள்: அனுப்புகிறவர், பெறுகிறவர் இரண்டு பேர் போனில் மட்டும்தான் சாவி, எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “ஏம்மா, நம்ம ஊர்ல ஒரு ஆசாரி பூட்டச் செஞ்சு வித்துப்புட்டு, இதத் தெறக்க எனக்கே தெரியாதுன்னு சொன்னா, அவன்கிட்ட எவனாச்சும் பூட்டு வாங்குவானா?”

எல்லை

அடுத்து சட்டத்தைக் கையில் எடுத்தோம். அரசாங்கம் கேட்டால், ஒரு செய்தியை இன்னார்தான் முதலில் அனுப்பினார் என்று ஆப் கம்பெனி சொல்லியாக வேண்டும் என நம் நாட்டில் விதி இருக்கிறது. அதைக் காட்டி, செய்தியே வேண்டாம், எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்று எழுதினேன். உங்கள் சட்டம் உங்கள் நாட்டோடு, எங்களுக்கு எங்கள் ஊர்க் கோர்ட்டு சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது. ஆகவே என் கேள்வி திண்டுக்கல்லிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து அந்த நாட்டு அரசாங்கம், அங்கிருந்து அவர்கள் கோர்ட்டு என்று யாத்திரை கிளம்பியது. நடுவில், ஒரு கையெழுத்து முத்திரைக்கு மேலே விழுந்துவிட்டது என்று திரும்பியும் வந்தது.

மனு வாங்கும் நாளெல்லாம் மரகதம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். இன்னும் டெல்லியில்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கும். ஒருநாள் நிதானமாகக் கேட்டார். “எங்க தக்காளி ஒட்டன்சத்திரத்துல லோடு ஏறுனா விடியிறதுக்குள்ள கேரளா போயிருது மேடம். அம்புட்டுப் பெட்டி தாண்டுற எல்லைய ஒரு கேள்வி தாண்ட மாட்டேங்குதா?”

தடை

இதற்கிடையில், நம் சட்டத்துக்குப் பணியாத ஆப்கள் சிலவற்றை அரசாங்கம் தடை செய்தது. இதுவும் அதில் ஒன்று. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏஜெண்டும் அடைத்துவைத்தவர்களும் இருப்பது வெளிநாட்டில், அங்கே அது ஜோராக ஓடுகிறது. எரியோட்டில் மரகதத்தின் போனில்தான் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. அவர் பஸ் ஸ்டாண்டு செல்போன் கடைக்குப் போய், ஏதோ குறுக்குவழி போட்டு அதைத் திரும்பத் திறக்கவைத்துவிட்டார். சரியாக வேலை செய்கிறதா என்று செத்த நேரம் பார்க்கச் சொல்லி என்னிடமே நீட்டினார். தடை செய்த ஆப்பை போலீஸ்காரியிடமே காட்டுகிறீர்களே என்றேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. “தடை போட்டது எனக்கா மேடம், அவனுகளுக்கா?”

பதில்

ஒருவழியாகப் பதில் வந்தது. இரண்டே வரி. பிரபு கணக்கு தொடங்கிய தேதி, அந்தக் கணக்கில் ஆப் கடைசியாகத் திறக்கப்பட்ட தேதி. வேறு எதையும் நாங்கள் சேமிப்பதில்லை, வணக்கம். இடம் இல்லை. எனக்கு மேஜையை உதைக்கலாம் போலிருந்தது. இத்தனை மாத யாத்திரைக்கு இதுவா பிரசாதம்? இதை வைத்துக்கொண்டு எந்தக் கட்டடத்தின் கதவைத் தட்டச் சொல்வது?

மரகதத்திடம் ஒளிக்காமல் சொன்னேன். போன மாதம் யாரோ ஆப்பைத் திறந்திருக்கிறார்கள், அது பிரபுதானா, அவன் போனைப் பிடுங்கிக்கொண்டவனா என்று தெரியாது, மேலே முயற்சி செய்கிறோம் என்றேன். அவர் தேதியை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அவந்தான் மேடம். அதுக்கு மொத நாளுதான், தங்கச்சி மாசமா இருக்காடான்னு பேசி அனுப்புனேன். பதில் போடத்தான் விடமாட்டேங்குறானுக போல. தாய்மாமன் ஆகப்போறோம்னு அவனுக்குத் தெரிஞ்சிருச்சு, அது போதும்.”

அந்தப் பதிலை ‘பயனுள்ள தகவல் ஏதுமில்லை’ என்று குறிப்பெழுதி மேலே அனுப்பிவிட்டேன், ஏனென்றால் எங்கள் உத்தியோகத்தில் எது பயன் என்பதையும் டெல்லியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.