“கரண்டே இல்ல” என்ற பாதி பதில்

கிடைத்த வேலையைச் செய்தபடி ஊர் ஊராகத் திரிபவன் நான். எட்டாவதோடு படிப்பு நின்றது. போன கோடையில் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் கிணற்றுக்குள் இறங்கி, மோட்டார் வயரில் தோல் உரிந்த இடத்துக்கு டேப் சுற்ற வேண்டியிருந்தது.

“லைன கட் பண்ணிட்டீங்களாண்ணா?” என்று கேட்டேன்.

“கரண்டே இல்ல, நீ எறங்குப்பா” என்றார், பாக்கை மென்றபடி.

டேப் சுற்றிக் கையை எடுத்தேன். மோட்டார் உறுமியது. கரண்ட் ஒரு நொடி முந்தி வந்திருந்தால் என் பிணம்தான் மேலே வந்திருக்கும்.

ஏறி வந்து கத்தினேன்.

“த்ரீ பேஸ் கரண்டு வந்துடுச்சி. ஸ்டார்ட்டர ஆட்டோவுல போட்டுருக்கேன், கரண்டு வந்தா மோட்டாரு தானா ஓடும்” என்றார் சாவகாசமாக.

“அத ஏன் மொதல்லயே சொல்லல?”

“நீ கேக்கலியே!”

அடுத்த வீட்டு மருமகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற வாய், ஓர் உயிருக்காக இன்னும் நாலு வார்த்தை பேசாது.

இப்போதெல்லாம் “ஃபியூஸப் புடுங்கி வச்சிருக்கேன், நீ ஏறுற வரைக்கும் போடமாட்டேன்” என்று முழுசாகச் சொல்லாதவர் கிணற்றில் நான் கால் வைப்பதில்லை. சிரிக்கிறார்கள். சிரிப்பதற்குத் திறக்கிற வாய்தானே, கொஞ்சம் முன்னாலேயே திறந்தால் என்ன?