வாஷிங்டனுக்கு ஒரு தாழ்மையான மனு

போன கிழமை கிரான்பர்னில் ஒரு மளிகைக் கடையில் காய்ந்த எலுமிச்சம்பழம் ஒரு பை வாங்கினேன். கறுத்து, ஓடாகிப்போன சின்னப் பழங்கள். எங்கள் சமையலில் அதற்கு வேலையில்லை. மனைவி ஏசுவாள் என்று தெரிந்தேதான் வாங்கினேன். பையைப் பிரித்து மணந்ததும் கரீம் மேல் பழைய கோபம் வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக் கோபம் இன்னும் ஆறவில்லை, பாருங்கள்.

எழுபதுகளின் நடுவில், சிட்னியிலிருந்து ஒரு நாள் பயணத் தூரத்தில் உள்ள ஃபுட்ஸ்கிரேயில் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். நான் ரயில்வேயில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். சிவம் என்னைப் போல யாழ்ப்பாணத்தான். கொழும்பில் அரசாங்கக் கிளார்க்காக இருந்துவிட்டு வந்தவன். கரீம் ஈராக்கின் வடக்கு மலையில் பிறந்த குர்து இனத்தவன். டயர் தொழிற்சாலையில் வேலை. அந்தப் பழத்தைத் தட்டிப் போட்டுத் தேத்தண்ணி வைப்பான், குசினியெல்லாம் புளித்த வாசம். வீட்டில் ஹீற்றர் இல்லை. சேர்ந்து வாங்குவோம் என்றால் மறுத்துவிடுவான்.

"வசந்தம் வந்தா நான் ஊருக்குப் போயிடுவன். எனக்கென்னத்துக்கு ஹீற்றர்?"

அவனுடைய உடைந்த இங்கிலீஷை என் தமிழில் தருகிறேன். அவன் வசந்தத்துக்காக நாங்களும் சேர்ந்து நடுங்கினோம்.

அவனுடைய தம்பி அங்கே மலையில், தங்கள் இனத்துக்கு ஒரு நாடு கேட்டு, பாக்தாத் அரசுக்கு எதிராகத் துவக்கோடு நின்றான். ஈரான் ஆயுதம் கொடுத்தது, ஈரானுக்குப் பின்னால் நின்றது அமெரிக்கா. தம்பி வந்தால் வேலை தருவதாகக் கரீமின் ஃபோர்மன் சொல்லியிருந்தார். நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்தேன்.

"முதல்ல தம்பியைக் கூப்பிடு. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

"நாடு கிடைக்கிற நேரத்தில அவன் ஏன் இங்க வாறான்? அமெரிக்கா எங்கட பக்கம்."

எழுபத்தைந்து மார்ச் மாதம் ஈரான் மன்னர் பாக்தாதோடு சமாதானமாகிவிட்டார் என்று வானொலி சொன்னது. உதவி நின்றது. எல்லையையும் மூடப்போகிறார்களாம். கரீம் எழுந்து வானொலியை நிறுத்தினான். அமெரிக்காவைத் திட்டித் தீர்க்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"அமெரிக்காவுக்கு இது தெரியாது. தெரிஞ்சா விடமாட்டாங்கள். நீங்கள் படிச்ச ஆக்கள், ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" என்றான்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சிவம் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டான். மனு என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை துருதுருக்கும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து, அரசாங்க அதிபர் இருக்கும் கச்சேரிக்கு எழுதி எழுதிப் பழகிய பரம்பரை. 'மாட்சிமை தங்கிய சமூகத்துக்குத் தாழ்மையுடன் பணிந்து' என்று இங்கிலீஷில் தொடங்கினான்.

"அவங்களுக்கு ராசா இல்லையடா. பணியத் தேவையில்லை" என்றேன்.

"பணிஞ்சு கேட்டாத்தான் மச்சான் தருவாங்கள்."

நானும் சும்மா இருந்தேனா? வசனத்துக்கு வசனம் திருத்தம் சொன்னேன். சனி முழுக்க இந்தச் சண்டைதான். கரீம் பாவம், எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டே இருந்தான். மனு போனது. பதில் வரவில்லை. எல்லையை மூடினார்கள். தம்பி ஈரானுக்குள் தாண்டினானா, சரணடைந்தானா, மலையிலேயே கிடந்தானா, ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சில வருஷத்தில், மூவரும் இன்னும் அதே வீட்டில் இருக்கும்போதே, எங்கள் ஊரில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. சிவத்தின் அக்கா பிள்ளைகளோடு அங்கே இருந்தாள். கூப்பிடு என்று அவனையும் கெஞ்சினேன்.

"எதுக்கு? கெதியில நாடு கிடைச்சிடும். இந்தியா பாத்துக்கொண்டு இருக்காது. அந்தப் பக்கமும் எங்கட சனம்தானே."

என்ன சொல்கிறான் என்று கரீம் கேட்டான். மொழிபெயர்த்தேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வருவம் எண்டு இந்தியா சொன்னதா?"

"சொல்லத் தேவையில்லை" என்றான் சிவம்.

"எங்களுக்கு எண்டாலும் சொன்னாங்கள்" என்றான் கரீம்.

சிவம் அன்றைக்கு அவனோடு கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான். அக்காவைக் கூப்பிடவும் இல்லை.

ஃபுட்ஸ்கிரேயில் அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு. கரீம் சிட்னிக்குப் போனான். கொஞ்சக் காலத்தில் தொடர்பு விட்டுப்போயிற்று. சிவம் கண்ணை மூடிவிட்டான், கடைசிவரை இந்தியாவை ஒரு வார்த்தை குறை சொல்ல விடாமல். போருக்குப் பிறகு ஊரில் அவன் அக்கா இருந்த வீடு இல்லை. அக்கா இல்லை. பிள்ளைகளும் இல்லை.