உடையாத தட்டுகள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் திண்டில் ஆரஞ்சு நிறத் தட்டுகள் வரிசையாக இருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியவை. கவிழ்த்தால் மூடி, நிமிர்த்தினால் சோறு போடலாம். கடையில் வாங்கிய என் சொப்புச் சாமான்கள் அவற்றின் கால்தூசிக்கு வராது. எல்லாம் அத்தையின் புண்ணியத்தில் கிடைத்தவை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பாகலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்குப் போய் வண்டி உதிரிபாகங்களோடு வாரம் முழுக்க மல்லுக்கட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் துப்பாக்கி. காலேஜில் படித்தபோது பிடித்த பழக்கம், விடவில்லை. ஊருக்கு வெளியே, ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு கிளப் மைதானம் இருந்தது. சுடுகிறவர் குரல் கொடுத்ததும் குழிக்குள் இருக்கும் மெஷின் ஒரு தட்டை வானத்தில் வீசும். அது தரைக்கு வருவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும்.

தாத்தாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. மகள் சாப்பிடாமல் கிடந்ததில் இளகி, தவணை கொடுத்திருந்தார்.

"ஒரு வருசம் பாரு. மாநில டீம்ல எடுத்தாங்கன்னா நான் வாயே தொறக்கல. இல்லன்னா நான் காட்டற எடத்துல கழுத்த நீட்டணும்."

கல்யாணமாகாத பெண் தனியாகப் போகக்கூடாது என்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். ஆபத்து எது வந்தாலும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் நம்பிக்கை.

சுடுவது முடிந்து, துப்பாக்கிகளை மடக்கித் திறந்து ஓரமாக வைத்த பிறகுதான் என்னைப் புல்லுக்குள் விடுவார்கள். உடைந்த சில்லுகள் எனக்கு எதற்கு? அத்தை சுட்ட பக்கத்தில் முழுசாகக் கிடப்பதை மட்டும் பொறுக்குவேன். ஆரம்பத்தில் பெரிய ஏமாற்றம்தான். ஒன்று கிடைத்தாலே அதிகம். ஆவணி மழைக்குப் புல் மண்டிய பிறகு என் அதிர்ஷ்டம் திரும்பியது. ஒவ்வொரு வாரமும் பை கனத்தது.

தவணை நெருங்க நெருங்க அத்தையின் கை நின்றுபோக ஆரம்பித்திருந்தது. பறக்கும் தட்டை மட்டும் பார்க்க வேண்டும், துப்பாக்கியைப் பார்க்கக்கூடாது, சுட்ட பிறகும் கை தட்டோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார் கோச். அத்தைக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் கடைசி நொடியில் சரியாக இருக்கிறதா என்று குழல் நுனியைப் பார்த்துவிடுவாள். கை நிற்கும், தட்டு தப்பிக்கும். வீட்டில் மண்வெட்டிக் காம்பைத் தோளில் வைத்து, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டிப் பழகுவாள். "அப்பிடியே அந்த ஒட்டடையும் எடுத்துரு" என்பாள் அம்மா.

கோச் கன்னடக்காரர். தவறும்போதெல்லாம் ஒன்றே சொல்வார்.

"ஹோய்த்து! போன தட்டு போச்சு. அடுத்ததப் பாரும்மா."

தோசை கருகினாலும், பஸ் தவறினாலும் அத்தை இதையே முணுமுணுப்பாள். பாவம், போன தட்டு எங்கே போயிற்று? நான்தான் ஒன்று விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவித் துடைத்து, அவள் படுக்கைக்கு நேராக ஜன்னலில் அடுக்கிவிடுகிறேனே. காலையில் அவள் கண் விழிப்பதே அவற்றின் முகத்தில்தான். ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

தாத்தா அவற்றைப் பரிசு என்று நினைத்திருந்தார். வரிசை நீள நீள அவர் முகமும் மலர்ந்தது. பால் ஊற்றப் போகிற இடத்தில், "எம்பொண்ணு வாராவாரம் தட்டு வாங்கியாறா" என்று பெருமையடித்தார். அத்தை ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பிறகு உள்ளே போய்விடுவாள்.

மாநிலத் தேர்வுக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் நாள் வந்தது. அத்தையின் குரல் மெஷினுக்கே கேட்கவில்லை, இரண்டாம் முறை கத்த வேண்டியிருந்தது. தட்டு போனது. அடுத்ததும் போனது. கோச் கொஞ்ச நேரம் தன் வசனத்தைச் சொன்னார். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டார்.

எனக்கோ பை போதவில்லை. அவள் துப்பட்டாவை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவந்தேன்.

"அத்தே, இன்னிக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி!"

பஸ்ஸில் அந்த மூட்டையை அவளே மடியில் வைத்துக்கொண்டாள்.

மூட்டையைப் பார்த்ததும் தாத்தா எழுந்தே விட்டார்.

"இத்தனையா! அப்ப டீம்ல எடுத்துட்டாங்கன்னு சொல்லு."

"இல்லப்பா" என்றாள் அத்தை. "இதெல்லாம் நான் அடிக்காம உட்டது. அந்த ஜன்னல்ல இருக்கறதும் அதான். அடிச்சது தூளாப் போயிரும்ப்பா, வீட்டுக்கு வராது."

தாத்தா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனேக்கல் மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள வரச்சொல்லிர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

தை மாதம் கல்யாணம். புகுந்த வீட்டில் துப்பாக்கிப் பேச்சே எடுக்கக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பந்தல்கால் நட்ட அன்று சாயங்காலம் அத்தை ஜன்னலிலிருந்து ஒரு தட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"கொல்லைக்கு வா. நான் சொன்னதும் வீசு, என்னா?"

மண்வெட்டிக் காம்பைத் தோளில் பொருத்திக்கொண்டு குரல் கொடுத்தாள். வீசினேன். காம்பு தட்டின் பின்னாலேயே போனது, எங்கும் நிற்காமல், தட்டு ராகித்தாள் போரில் விழுந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை மாதங்களில் அவள் கை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நான் ஓடிப்போய்த் தட்டை எடுத்து, பாவாடையில் துடைத்துக் கொண்டுவந்தேன்.

"உடையவே இல்ல பாரு அத்தே!"

அத்தை அதைக் கையில் வாங்கியதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கேயாவது கீறல் விழுந்திருக்குமோ என்று அவள் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.